டைல்ஸுக்குள் சிறையிருந்த பணத்தை மீட்ட படலம்

வாழ்க ரசமட்டம்! பிறர் வீட்டுத் தரைகளுக்குத் தன் முழங்கால்கள் இரண்டையும் தேய்த்துக் கொடுத்த வள்ளல், குளியலறைகளின் கோமகன், சமையலறைச் சுவர்களின் காவலன், வழுவழுப்பையும் சொரசொரப்பையும் விரல்நுனியாலேயே அளந்தறியும் வித்தகன், எந்த மேசையைக் கண்டாலும் இடுப்புப் பையிலிருந்து ஒரு சாண் ரசமட்டத்தை உருவி அதன்மேல் கிடத்தி, கண்ணாடிக் குழலுக்குள் மிதக்கும் குமிழி நட்டநடுவே நிற்கிறதா என்று பார்த்த பின்னரே கையூன்றும் கடுநெறியாளன், அந்தப் பழக்கத்தாலேயே பெற்றவர் இட்ட பெயர் மறைந்து கொத்தனார் முதல் கலவை சுமப்பவர் வரை எல்லோர் வாயிலும் ‘ரசமட்டம்’ என்றே வழங்கப்பட்ட டைல்ஸ் மேஸ்திரி! அன்னவன் இரண்டே இரண்டு டைல்ஸோடு பொருத பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம்.

வெண்தூசித் தாயே, வந்தருள்க! எம் தலைவனின் நுரையீரலில் வாடகை தராமல் காலமெல்லாம் குடியிருந்தவளே, அவன் இருமும்போதெல்லாம் எழுந்து அமர்பவளே, ஒரு பிடி எம் எழுதுகோலிலும் வந்து அமர்ந்தால் நீ குறைந்தா போவாய்? கட்டிய மாளிகைகளில் ஒன்றிலும் செருப்போடு நுழைய அனுமதிக்கப்படாத ஒருவனின் கதை இது. கொஞ்சம் இருமலோடு சொன்னால்தான் சரியாக வரும்.

போருக்குக் காரணம் பொன்னும் அன்று, மண்ணும் அன்று. பல்.

தலைவனின் இல்லாள், சலவைக் கடையில் நாள் முழுதும் நின்று பிறர் சட்டைகளின் சுருக்கத்தைப் போக்கும் நீராவிச் செல்வி, ஈறு நோயால் ஒவ்வொன்றாகப் பற்களைப் பறிகொடுத்து, இறுதியில் படையிழந்த கோட்டை வாசல்போல் வாய் வெறுமையாக நின்றாள். பேசும்போதும் சிரிக்கும்போதும் இடக்கையால் வாயை மறைத்துக்கொள்வது அவளுக்கு வழக்கமாயிற்று. ஒரு கை எப்போதும் வாய்க்குப் போய்விட்டதால் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரே கைதான் மிச்சம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். பல் டாக்டரின் கண்ணாடி அலமாரியில், மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை ஒன்று என இரு படைப்பிரிவுகள், இளஞ்சிவப்பு ஈறு பூண்டு, வெண்முத்துக் கேடயம் தாங்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அணிவகுத்துக் காத்திருந்தன. அளவெடுத்துச் செய்தாகிவிட்டது, பணம் கட்டவில்லை.

டாக்டர் அறைவாசலில் டோக்கன் கொடுக்கும் பெண் அறைகூவினாள்: “சீக்கிரம் வந்து எடுத்துக்கோங்கக்கா. ஈறு சுருங்கிக்கிட்டே இருக்கும். லேட்டாச்சுன்னா இந்த செட் பொருந்தாது. அப்புறம் மறுபடியும் மொதல்லேருந்து அளவு, மொதல்லேருந்து பணம்.”

ஆகவே தலைவன் ஒரு முடிவெடுத்தான். குனிந்தால் நிமிர முடியாத, நிமிர்ந்தால் குனிய முடியாத நிலைக்கு முழங்கால்கள் வந்துவிட்டபடியால், டைல்ஸ் கடை ஒன்றில் நாற்காலி போட்டு விலை சொல்லும் வேலைக்கு அவன் போகவிருந்தான். இனி அவனுக்கு வேண்டாதது ஒன்றுண்டு. வைரத்துகள் பதித்த வட்டவாள் சுழல, தண்ணீர் கொட்டக் கொட்ட எப்பேர்ப்பட்ட டைல்ஸையும் தயிர்போல் அறுத்துத் தள்ளும் கட்டிங் மெஷின்! வைரப்பல் பூண்ட அதை விற்று, மனைவிக்குப் பிளாஸ்டிக் பல் வாங்குவது என்று துணிந்தான். படமெடுத்தான். ஆன்லைன் சந்தையில் ஏற்றினான். தொலைதூரத்து ஊரொன்றிலிருந்து, அவனைப் போலவே டைல்ஸ் ஒட்டும் இளைஞன் ஒருவன், அந்தச் சந்தையில் ‘நேர்க்கோடு’ என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டவன், மெஷினைக் கண்டு மையல்கொண்டு போன் செய்தான். விலை படிந்தது.

“பேங்க் நம்பர் சொல்லுங்கண்ணே, இப்பவே போட்டுடறேன்.”

இந்த எளிய வாக்கியத்தைக் கேட்டதும் தலைவனின் புருவம் வில்லாய் வளைந்தது. ஏனெனில் அவன் மைத்துனன், சுவருக்கு வண்ணம் தீட்டும் பெயிண்டர், பழைய பிரிட்ஜ் ஒன்றை இதே சந்தையில் விற்கப் போய், ‘பணம் பெற இங்கே தொடவும்’ என்று எவனோ அனுப்பியதைத் தொட்டு, இருந்த கணக்கையும் துடைத்துக் கொடுத்துவிட்டு நின்றவன். குடும்பத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தால் மற்றவன் அந்தத் தெருவையே விட்டுவிடுவான் அல்லவா? தலைவன் திருவாய் மலர்ந்தருளினான்:

“பேங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு நோட்டாத்தான் வேணும். தொட்டுப் பார்த்தா சொரசொரன்னு இருக்கணும், அதுதான் பணம்.”

இல்லாள் வாயை மூடிய கையை விலக்காமலே குறுக்கிட்டாள்: “ஏங்க, என் கணக்குதான் இருக்கே. சம்பளம் அதுலதானே வருது. அதுல போடச் சொல்லுங்க, நான் போய் எடுத்துட்டு வரேன்.”

“நீ சும்மா இரு. உன் தம்பியும் இப்படித்தான் சொன்னான்.”

“அவன் தொட்டது வேற, இது வேறங்க.”

“தொட்டா போயிடுச்சுல்ல? அவ்ளோதான்.”

இப்படியாக, அறிவுரை தந்தவள் அடக்கப்பட, ஆணை தொலைபேசி வழியே பறந்தது. எதிர்முனையில் நேர்க்கோடு தயங்கினான். தபாலில் ரொக்கம் வைத்தால் வழியில் எவன் கை நீளுமோ, காணாமல் போனால் யாரைக் கேட்பது, எவ்வளவு வைத்தோம் என்பதற்கு எது சாட்சி என்றெல்லாம் அவன் நியாயமாகவே அஞ்சினான். அப்போதுதான் தலைவன், தன் வாழ்நாளின் மிக மோசமான வாக்கியத்தை, மிகுந்த பெருமிதத்தோடு உரைத்தான்:

“பணம்னு எவனுக்கும் தெரியாத மாதிரி அனுப்புடா தம்பி. மறைச்சு ஒட்டறது நமக்குத் தெரியாத வேலையா?”

அந்தச் சொல் விதையாய் விழுந்தது. அதன் விளைச்சல் பார்சலாய் வந்தது.

தபால்காரர் அதை இரு கைகளாலும் ஏந்தி வந்து வாசலில் வைத்தார். “என்னண்ணே, கல்லு மாதிரி கனக்குது?”

“டைல்ஸ் சாம்பிள்.”

“அப்படித்தான் எழுதியும் இருக்கு. சாம்பிளுக்கா இவ்வளவு நாளா வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தீங்க? என்னவோ மாப்பிள்ளை வராருன்னு நினைச்சேன்.”

தலைவன் கையெழுத்திட்டான். அட்டைக் கவசம் களைந்தான். உள்ளே, ஒன்றின்மேல் ஒன்றாகத் தழுவிய இரண்டு டைல்ஸ். ஓரமெங்கும் சாம்பல்நிறப் பசை பாய்ந்து, இறுகி, துடைத்து, மழித்துவிட்டாற்போல் நேர்த்தியாக முடிக்கப்பட்டிருந்தது. அந்தக் கற்கோட்டையின் கர்ப்பத்தில், காற்றும் ஒளியும் காணாத இருளில், இரு வரிசைப் பற்களின் விலை சிறையிருந்தது. தலைவன் ரசமட்டத்தை உருவி அதன்மேல் கிடத்தினான். குமிழி நட்டநடுவே வந்து நின்றது. அவன் கண்கள் பனித்தன.

“என்னமா ஒட்டியிருக்கான் பாரு!”

அந்தப் பூரிப்பு அடங்குமுன், ஆன்லைன் சந்தையில் ‘பணம் வந்துவிட்டது’ என்ற பொத்தானையும் அழுத்திவிட்டான். ஒருமுறை அழுத்தினால் மறுபடி எழாத பொத்தான் அது. பேரம் முடிந்தது, பொருளை அனுப்புக என்று சந்தை முழங்கியது.

பின்னர் முற்றுகை தொடங்கியது.

முதற்கண் சமையலறைக் கத்தி புறப்பட்டது. அதன் முனை மடங்கிப் புறமுதுகிட்டது. அடுத்து ஆக்சா பிளேடு வந்தது. பசையின்மேல் இரண்டு கோடு கிழித்துவிட்டுப் பல்லிழந்து, இல்லாளின் நிலையை எய்தியது. மெல்லிய உளியும் ரப்பர் சுத்தியலும் கூட்டணி அமைத்து, ஓரத்தில் இடம் தேடித் தேடி, ஊர் பேர் தெரியாத கதவைத் தட்டும் கடன்காரர்போல் தட்டித் தட்டிச் சலித்தன. கொதிநீர் ஊற்றப்பட்டது, கோட்டை குளித்துவிட்டுப் புதுப்பொலிவோடு அமர்ந்திருந்தது. ஏனெனில் அது எந்தப் பசை என்று தலைவன் நன்கறிவான். ‘வீடு இடிஞ்சாலும் டைல்ஸ் விழாது’ என்று எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் சத்தியம் செய்து அவன் விற்றுக்கொடுத்த அதே பசை. காலமெல்லாம் பிறர் சுவரில் அவன் வளர்த்த அந்தப் பற்று, இன்று அவன் மடியில் ஏறி அமர்ந்து அவனையே முறைத்தது.

இல்லாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“சுத்தியால ஓங்கி ஒண்ணு போடுங்களேன். உடைஞ்சுட்டுப் போகுது. டைல்ஸா நமக்கு வேணும்?”

உலகத்துப் போர்களில் பாதி, இப்படி ஒரு பெண் சொன்ன எளிய வழியை எவனோ மறுத்ததால்தான் நீண்டிருக்கும். தலைவன் நெஞ்சு நிமிர்த்தி அறைந்தான்:

“உடைக்கறது கொத்தனார் வேலை. நான் அறுக்கறவன்.”

உடனே, விற்றுவிட்ட மெஷின், வண்டியேறுவதற்காக அட்டையும் கயிறும் சுற்றிக் கட்டி வைத்திருந்த மெஷின், மீண்டும் கட்டவிழ்க்கப்பட்டது. ஓய்வுபெற்ற போர்யானையை ஒரு கடைசிப் போருக்காகக் கொட்டிலிலிருந்து இறக்கியதுபோல் அதைப் பின்கட்டில் நிறுத்தி, மின்கம்பி பூட்டி, தண்ணீர் ஊற்ற மைத்துனனை அழைத்தான். பெயிண்டர் மைத்துனன் கையில் குவளையோடு வந்து நின்றான்.

“மாமா, உள்ள நோட்டு இருக்கு மாமா. தண்ணி ஊத்தி அறுக்கலாமா?”

“ஓரத்தை மட்டும்தான்டா சீவப் போறேன். ரொட்டி ஓரத்தை வெட்டற மாதிரி. பசை ஓரத்துல, பணம் நடுவுல.”

ஆயினும் கடுநெறியாளன் கண்மூடிப் போரிடுபவன் அல்லன். நேர்க்கோட்டுக்குப் போன் போட்டான். “ஓரத்துல பசை எவ்வளவு விட்டே?”

“ரெண்டு விரல் அகலத்துக்குத்தான் பசை போட்டேன்ணே. நடுவுல பணம். கவலையே படாதீங்க.”

“பிளாஸ்டிக் கவர்ல போட்டுத்தானே வெச்சே?”

“கவர்ல போட்டா உப்பிக்கும்ணே. மேல் டைல்ஸ் மட்டமா உக்காராது.”

தலைவன் தலையசைத்தான். அந்த விடை அவனுக்கு முழு நிறைவளித்தது. மட்டத்துக்காகப் பாதுகாப்பைத் துறந்த அந்த முன்பின் அறியாத இளைஞன்மீது, மகன்மீது பொங்குவதுபோல் அன்பு பொங்கியது.

வாளே, வைரவட்டமே, சுழல்வாயாக! மின்சாரம் பாய்ந்தது. மெஷின் பிளிறியது. தெருநாய்கள் திசைக்கொன்றாய் ஓடின. கோட்டையின் முதல் மதில், விரல்கள் இரண்டின் அகலத்தில், வெண்பால் வழிய வழிய, வெட்டுண்டு விழுந்தது. மைத்துனன் தண்ணீர் ஊற்றினான். இரண்டாம் மதில் சாய்ந்தது. வழிந்தோடிய நீர் அப்போதும் வெண்மை. தலைவனின் முழங்கால்கள் வலியை மறந்தன; முதுகு இளமையை நினைத்தது; அவன் முகத்தில், ஒரு மாளிகையின் கூடம் முழுவதையும் ஒற்றைக் கோணல் இன்றி ஒட்டி முடித்த அந்தப் பழைய நாளின் ஒளி வந்து நின்றது. மூன்றாம் மதிலை வாளின் வாயில் கொடுத்தான். வெண்மை வழிந்தது. வெண்மை வழிந்தது. பின்னர் நீரின் நிறம் மெல்ல மாறியது. விடியற்கால வானம்போல், வெட்கப்பட்ட கன்னம்போல், பெரிய நோட்டுக்கே உரிய அந்த ரோஜா நிறம்போல்.

“நிறுத்துங்க! பணம் ஒழுகுது!”

இல்லாள் இரு கைகளையும் நீட்டி அலறியதை அன்றுதான் அந்தப் பின்கட்டு கண்டது. மைத்துனன் குவளையைப் போட்டுவிட்டு ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தான். வாள் தன் வேகம் தணிந்து, முனகி, நின்றது. காலடியில் ரோஜா நிறக் கூழ் ஓர் ஓடையாகப் பெருகி, சாக்கடையை நாடி நிதானமாகச் சென்றுகொண்டிருந்தது.

கோட்டையைப் பிளந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பணம் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரத்தோடு ஓரமாக ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கத்தைத்தான் வாள் தின்றிருந்தது. போதாக்குறைக்கு, அழுத்தியபோது உட்புறம் பிதுங்கிய பசை நோட்டுகளில் பலவற்றைத் தழுவி, இறுகி, அவற்றைச் சுவராக்கியிருந்தது.

தலைவன் போனை எடுத்தான். இம்முறை குரலில் காவியம் இல்லை.

“டேய், ஸ்பேசர் வெச்சியாடா?”

டைல்ஸ் நழுவாதிருக்க இடையிடையே செருகும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கேட்கிறான் என்பது எதிர்முனைக்குப் புரிந்தது.

“இதுக்கெதுக்குண்ணே ஸ்பேசர்? வெயிட்டு வெச்சிருந்தேன். அப்புறம் பார்த்தா மேல் டைல்ஸ் கொஞ்சம் நழுவியிருந்துச்சு. பிடிச்சு இழுத்து நேராக்கிட்டேன்.”

“டைல்ஸை நேராக்கினே. கூடவே பணமும் நகர்ந்து போச்சுடா!”

“அது எனக்கெப்படிண்ணே தெரியும்? உள்ளே பார்க்க முடியாதுல்ல.”

பிறகு எத்தனை நோட்டு என்ற வழக்கு எழுந்தது. சுவரானதையும் எண்ணத்தக்க துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பேசிய தொகைக்கு இரண்டு நோட்டு குறைந்தது. முழுசாகத்தான் வைத்தேன் என்றான் அவன். இருந்தது இவ்வளவுதான் என்றான் இவன். அந்த இரண்டும் ஓடையில் போயினவா, முதலிலேயே வைக்கப்படவில்லையா என்று அறிந்த சாட்சி உலகில் ஒன்றே ஒன்று, அந்தப் பசை. அதுவோ, பிடித்ததை விடாத குணம்போலவே, அறிந்ததையும் சொல்லாத குணம் வாய்ந்தது. சற்றுமுன் மகன்போல் தோன்றியவன் இப்போது திருடன்போல் தோன்றினான். அண்ணனாய் இருந்தவன் அந்தப் பக்கத்தில் ஏமாற்றுக்காரனாய்த் தோன்றினான். இருவரும் யோக்கியர்கள். இருவரிடமும் அதற்கு ஓர் அத்தாட்சிச் சீட்டு இல்லை.

“அண்ணே, ‘பணம் வந்துடுச்சு’ன்னு நீங்கதானே அழுத்தினீங்க. மெஷினை ஏத்தலேன்னா நான் புகார் கொடுக்கவேண்டி வரும்.”

தலைவன் தபால் அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தான். அங்கிருந்தவர் பார்சலின் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, டைல்ஸ் சாம்பிள் என்று எழுதியிருக்கிறது, டைல்ஸ் வந்திருக்கிறது, இதில் எமக்கென்ன குறை என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெற்றிகொண்ட மெஷின் மறுபடி அட்டை சுற்றப்பட்டு, வைரப்பல் பளபளக்க, கொண்ட கணவன்வீட்டுக்குப் போகும் மணப்பெண்போல் வண்டியேறிப் போயிற்று.

எஞ்சியது வங்கி. எந்த வாசலைத் தன் நிழலும் மிதிக்காது என்று தலைவன் சூளுரைத்தானோ, அந்த வாசலுக்கு, ஒரு பழைய சாப்பாட்டு டப்பாவில் நோட்டுத் துண்டுகளையும் பசைக்கட்டிகளையும் சுமந்து, மனைவி பின்தொடரச் சென்றான். காசாளர் அம்மையார் டப்பாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“இது என்னங்க, நோட்டா சுவரா?”

தலைவன் கூச்சத்தை மறைக்க வழியறியாது, கை தானாகவே இடுப்புக்குப் போக, ரசமட்டத்தை உருவிக் கவுன்டர்மேல் வைத்தான். குமிழி ஒரு பக்கமாய் ஓடியது. “மேடம், உங்க கவுன்டர் கோணலா இருக்கு.”

“கவுன்டரை நான் பார்த்துக்கறேன். நீங்க நோட்டைப் பாருங்க.”

அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து, சட்டத்தின் கண்ணாடி வழியே நோக்கி, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை மறுபக்கமும் வைத்தார். தேறாத பக்கம் குன்றாய் உயர்ந்தது. பிறகு அந்த வேள்வியின் இறுதி மந்திரத்தை ஓதினார்:

“சேதமான நோட்டுக்குக் கையில ரொக்கம் கொடுக்க மாட்டோம். கணக்குலதான் போடுவோம். உங்களுக்குக் கணக்கு இருக்கா?”

தலைவன் தன் கால்விரல்களை நோக்கினான். அந்தத் தரை டைல்ஸில் மூன்றாவது சற்றே கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அதைச் சொல்லும் திராணிகூட அவனிடம் இல்லை. இல்லாள் தன் பையைத் திறந்து பாஸ்புக்கை எடுத்துக் கவுன்டர்மேல், ரசமட்டத்துக்குப் பக்கத்தில், வைத்தாள்.

“இதுல போட்டுடுங்க மேடம். மொதல்லேருந்தே இதுலதான் போடச் சொன்னேன்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வாயை மறைக்கும் கை அன்று எழவில்லை. பல்லே இல்லாத அந்த ஈறுச் சிரிப்பு, வரிசையில் நின்றவர்கள் அனைவர் முன்னும், முற்றுகை வென்ற கோட்டைமேல் பறக்கும் கொடிபோல் விரிந்து நின்றது. காசாளர் அம்மையாருக்கும் சிரிப்பில் உதடு துடித்தது. தலைவன் மட்டும் ரசமட்டத்தை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு, அதன் உறையின் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

அங்கிருந்து நேரே பல் டாக்டரிடம் சென்றனர். அங்கே கண்ணாடி அலமாரியில், வெண்முத்துப் படைகள் இரண்டும் இன்னும் அணி கலையாது காத்திருந்தன. கணக்கில் ஏறிய தொகையைக் கேட்டதும் டோக்கன் பெண் கால்குலேட்டரைத் தட்டினாள், டாக்டரின் அறைக்குள் போனாள், வந்தாள். ஏழு கடல் தாண்டி மீட்டுவந்த செல்வத்தின் மதிப்பு முடிவாக அறிவிக்கப்பட்டது. தரைகளின் தலைவனே, அறுப்பவனே, மட்டத்தின் மாமன்னனே, உன் புகழ் திசையெட்டும் பரவி, உன் வாளின் வீரமும் உன் பசையின் உறுதியும் வையம் உள்ளளவும் பேசப்படுவதாக. உன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கோணல் சுவர்கள் தாமாக நிமிர்வதாக!

மேல் பல் செட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.